மஞ்சள் தெளிந்தால் போதுமா?



சென்ற ஆண்டு, இந்த ஆஸ்பத்திரிக்கு வருஷந்தவறாமல் காணிக்கை அனுப்பிவரும் ஒரு சபையின் மூப்பர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தச் சபையைச் சேர்ந்த ஓர் இளம் சகோதரி தலைப்பிரசவத்துக்காக நம்மிடம் பதிவு செய்திருந்தார். வழக்கமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் அவருக்கு ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரியவந்தது. டாக்டரம்மா கணவன் மனைவி இருவரையும் தனியாக உட்காரவைத்துத்தான் அதைச் சொன்னார்கள். ஆனாலும் செய்தி வீட்டில் மாமியாரின் காதுக்கு எட்டி, அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுவதும் பரவிவிட்டது. மூப்பர் எழுதியிருந்தார்: "ஐயா, இந்தச் சகோதரி திருவிருந்தில் எல்லாரோடும் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணலாமா? சிலர் பயப்படுகிறார்கள். கடைசியாக வரச் சொல்லலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. இது கெட்ட நடத்தையினால் வருகிற வியாதி என்கிறார்கள் சிலர். வெறும் காமாலைதானே, கீழாநெல்லி கொடுத்தால் போய்விடும் என்கிறார்கள் வேறு சிலர். தாங்கள்தான் எங்களுக்குத் தெளிவுபடுத்த வேண்டும்."

அவர் யாரையும் குற்றப்படுத்த எழுதவில்லை. பயந்து எழுதினார், கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்று எழுதினார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. அவருக்கு அன்றைக்கே இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன். பிறகு வேறு இரண்டு சபைகளிலிருந்தும் ஏறக்குறைய இதே கேள்விகள் வந்தபடியால், நமது டாக்டர்களிடம் கேட்டுச் சரிபார்த்து உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். அந்தச் சகோதரியின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரையும் பெயரையும் யாரும் என்னிடம் விசாரிக்க வேண்டாம்.

முதலாவது, காமாலை என்பது ஒரு வியாதியின் பெயரல்ல, ஒரு அடையாளம். நம் சரீரத்தில் பழைய இரத்த அணுக்கள் தினமும் அழிகின்றன. அவற்றிலிருந்து மஞ்சள் நிறமுள்ள ஒரு கழிவு உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்துப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடுவது கல்லீரலின் வேலை. கல்லீரல் சுகவீனமானால் அந்த மஞ்சள் இரத்தத்திலேயே தேங்கி, கண்ணிலும் தோலிலும் சிறுநீரிலும் தெரிகிறது. கல்லீரல் எதனாலே கெட்டது என்பதை அந்த மஞ்சள் சொல்லாது. கெட்ட தண்ணீரினாலும் உணவினாலும் வருகிற ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ என்ற கிருமிகள் ஒரு வகை. இவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமே அடங்கிவிடும் (கர்ப்பிணிகளுக்கு ஈ வகை மிகவும் ஆபத்தானது). இரத்தத்தின் வழியாக வருகிற பி, சி என்ற கிருமிகள் வேறொரு வகை. மதுவினாலும், சில மருந்துகளினாலும், பித்தப்பைக் கல்லினாலும் மஞ்சள் வரும். நம் கிராமங்களில் இவையெல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே மருந்து. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது, இதுதான் முக்கியம்: ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மஞ்சளே இருப்பதில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வயலுக்குப் போகிறார்கள், பாடகர் குழுவில் பாடுகிறார்கள். இருபது, முப்பது வருஷம் கழித்து ஒருநாள் வயிறு வீங்குகிறது, அல்லது இரத்தமாக வாந்தி எடுக்கிறார்கள். அப்போது கல்லீரல் சுருங்கிக் கெட்டியாகிப்போயிருக்கும், அல்லது புற்றுநோய் வந்திருக்கும். நம் பெரியவர்கள் மகோதரம் என்று சொன்ன வியாதியில் ஒரு பங்கு இந்தக் கிருமியின் வேலைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகத்தில் 25 கோடியே 40 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் மட்டும் 2 கோடியே 98 லட்சம். அந்த ஒரே வருஷத்தில் இதனால் இறந்தவர்கள் 11 லட்சம். உலகத்தில் இந்தக் கிருமி உள்ள நூறு பேரில் 13 பேருக்குத்தான் தங்களுக்கு அது இருப்பதே தெரிந்திருந்தது. மீதி 87 பேர் நம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிற, ஒன்றும் அறியாத மனிதர்கள். அந்தச் சகோதரியைப் பார்த்துப் பயந்தவர்களில் யாராவது ஒருவருக்கும் இது இருக்கலாம். பரிசோதனை செய்துகொண்டவர் அவர் ஒருவர்தானே!

இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட விதமும் இதற்கு ஒத்ததாகவே இருக்கிறது. அமெரிக்காவில் பாரூக் பிளம்பர்க் என்ற மருத்துவர் காமாலையை ஆராயவே இல்லை. பல தேசத்து ஜனங்களின் இரத்தத்தில் என்ன வித்தியாசங்கள் உண்டு என்று பார்த்துக்கொண்டிருந்தார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் இரத்தம், ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடி ஒருவருடைய இரத்தத்தோடு சேர்ந்தபோது ஒரு புதிய பொருள் வெளிப்பட்டது. அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயரிட்டு 1965-ல் வெளியிட்டார். அது என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது. 1967-ல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலைசெய்த ஒரு பெண்மணிக்கு உடல்நலம் குன்றியது. அவர் தம் இரத்தத்தைத் தாமே பரிசோதித்தார். முன்பு இல்லாத அந்தப் பொருள் இப்போது இருந்தது. பின்னாலேயே காமாலையும் வந்தது. அந்தப் பொருள்தான் ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறை. இன்று நம் லேபில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று எழுதுகிற பரிசோதனை அதைத்தான் தேடுகிறது. பிளம்பர்க்குக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் இப்போது உலக ஹெபடைடிஸ் தினமாக அனுசரிக்கிறார்கள்.

இனி மூப்பரின் கேள்விகளுக்கு வருகிறேன்.

இந்தக் கிருமி இரத்தத்தின் வழியாகவும், தாம்பத்திய உறவின் வழியாகவும், பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. சரியாகச் சுத்திகரிக்காத ஊசி, சவர பிளேடு, பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் ஊசி, பரிசோதிக்காத இரத்தம் ஆகியவை இதன் பாதைகள். மிகச் சிறிய அளவு இரத்தம் போதும். கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. சரீரத்துக்கு வெளியே காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். 1942-ல் அமெரிக்க இராணுவ வீரர்களுக்கு மஞ்சள் காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி போட்டார்கள். அந்த மருந்தில் மனித இரத்தத்தின் நீர் கலந்திருந்தது. அதிலிருந்த இந்தக் கிருமியினால் சுமார் 50,000 பேர் காமாலையில் விழுந்தார்கள். அது அறியாமல் நடந்தது. ஆனால் 2009-ல் குஜராத்தின் சபர்கந்தா மாவட்டத்தில் மொடாசா என்ற ஊரில் நடந்ததை அறியாமை என்று சொல்ல முடியாது. உபயோகித்த சிரிஞ்சுகளை மறுபடியும் உபயோகித்ததால் அங்கே ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் மாண்டுபோனார்கள். எந்த ஜுரத்துக்கும் "ஒரு ஊசி போட்டு அனுப்புங்கள் டாக்டர்" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தேவையில்லாத ஊசி வேண்டாம். தேவையான ஊசியானால் உங்கள் கண்முன் உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதேயுங்கள்.

பாத்திரத்தைக் குறித்து: ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், ஒரே டம்ளரில் குடிப்பதாலும், கைகுலுக்குவதாலும், கட்டித் தழுவுவதாலும், இருமலாலும், கொசுவாலும் இது பரவுவதில்லை. எச்சிலில் இந்தக் கிருமி சிறிதளவு காணப்பட்டாலும், சாப்பாட்டுப் பாத்திரங்கள் வழியாக அது தொற்றுவதில்லை. திருவிருந்துப் பாத்திரத்தினால் ஒருவருக்காவது இது வந்ததாக நிரூபிக்கப்படவில்லை. வீட்டில் பகிர்ந்துகொள்ளக்கூடாதவை உண்டு: சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. காயம் பட்டால் அதை மூடிவைக்க வேண்டும். சோற்றுத் தட்டைத் தனியே வைக்க வேண்டிய அவசியம் கிடையாது.

பதில் கடிதத்தோடு நான் நிற்கவில்லை. அந்தச் சபையின் குருவானவர் என் நண்பர்; அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு உதவிசெய்ய என்னை அழைத்தார். அந்தச் சகோதரி தம்முடைய வரிசையில், தம் கணவரோடு, தம் முறைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் இரண்டொருவர் சற்றுத் தயங்கியதைக் கண்டேன். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. முடிவில் பாத்திரத்தில் மீதியாயிருந்ததை முறைப்படி நானே பானம்பண்ணினேன்.

நடத்தையைக் குறித்த கேள்வி இதைவிடக் கடினமானது. பிறவிக்குருடனைக் கண்டபோது, பாவஞ்செய்தவன் யார் என்று சீஷர்கள் கேட்டார்கள் அல்லவா? அந்தக் கேள்வியை நாம் இன்னும் விட்டபாடில்லை. அந்தச் சகோதரியின் மாமியார் என்னிடமே கேட்டார். நான் டாக்டரம்மாவை அழைத்து அவருக்கு விளக்கச் சொன்னேன். விஷயம் இதுதான். வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றினால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சரீரமே எதிர்த்துப் போராடி அதை வெளியே தள்ளிவிடும். ஆனால் பிறக்கும் நேரத்தில் தொற்றினால், நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 90 பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பச்சிளங்குழந்தையின் சரீரத்துக்கு அந்தக் கிருமியைச் சத்துருவென்று அடையாளம் கண்டு விரட்டத் தெரிவதில்லை. ஆகவே நிரந்தரமாகக் கிருமியைச் சுமக்கிற ஒருவரைக் கண்டால், நல்ல மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி "உங்கள் தாயார் எப்படியிருக்கிறார்கள்?" என்பதே.

இந்தச் சகோதரியின் தாயார், இவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துபோனார். என்ன வியாதி என்று கேட்டபோது, வயிறு பெருத்து, கால் வீங்கி இறந்தார் என்றார்கள். யாரோ செய்வினை வைத்ததாகக்கூட அக்காலத்தில் பேசினார்களாம். மாமியார் இதைக் கேட்டபின் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ இந்தப் பிள்ளை பிறக்கும்போதே இதைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கா" என்று மட்டும் சொன்னார்.

குடும்பத்தார் எல்லாரையும் பரிசோதனைக்கு அழைத்தோம். கணவருக்குக் கிருமி இல்லை. அவருக்குத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. சகோதரியின் தம்பி வர மறுத்தார். மூன்றாவது முறை ஃபோன் செய்தபோதுதான் உண்மையைச் சொன்னார். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் செய்யும் மருத்துவப் பரிசோதனையில் இந்தக் கிருமியையும் பார்க்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பே அவருக்கு "அன்ஃபிட்" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு என்ன செய்யவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏஜெண்டிடம் கொடுத்த பணமும் போய்விட்டது. அவர் வெட்கத்தினால் அக்காளிடமும் சொல்லாமல் அந்தக் காகிதத்தைப் பெட்டிக்கடியில் வைத்திருந்தார். அவர் அன்றைக்கே வாய்திறந்திருந்தால், சகோதரிக்குக் கலியாணத்துக்கு முன்பே பரிசோதனை நடந்திருக்கும். அவரை எப்படிக் குறைசொல்வேன்? சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கீழாநெல்லியைக் குறித்துச் சொல்லுமுன், என்னுடைய ஒரு தவறை அறிக்கையிட வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் செங்கல் சூளையில் வேலைசெய்த ஒரு சகோதரர் கடுமையான காமாலையோடு நம் வார்டில் சேர்ந்தார். கண்கள் இரண்டும் எலுமிச்சம்பழம்போல் இருந்தன. தினமும் அவர் கட்டிலண்டை ஜெபித்தேன். ஆறு வாரத்தில் மஞ்சள் தெளிந்து வீட்டுக்குப் போனார். பூரண சுகம் பெற்றார் என்று இதே செய்திமடலில் சாட்சியாக எழுதினேன். அவர் அதை வெட்டித் தம் வேதபுஸ்தகத்துக்குள் வைத்திருந்தார். மூன்று வருஷம் கழித்து வயிறு பெருத்துத் திரும்பி வந்தார். முதல் தடவையே அவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பல வருஷமாக உள்ளே இருந்த கிருமி அன்று சீறியெழுந்ததுதான் அந்தக் காமாலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நீங்கதான் பூரண சுகம்னு எழுதினீங்களே ஐயா. மறுபடி டெஸ்ட்டுக்கு வந்தா அவிசுவாசமா போயிடாதா?" என்றார். இன்றுள்ள மருந்துகள் அன்று நம்மைப்போன்ற ஆஸ்பத்திரிகளுக்கு எட்டவில்லை என்பது உண்மையே. ஆனாலும் அந்த மூன்று வருஷமும் அவர் வராமலிருந்ததற்கு என் பேனாவும் ஒரு காரணம். அவரை அடக்கம்பண்ணினதும் நான்தான்.

அது முதல், டாக்டர் சொல்லாமல் "பூரண சுகம்" என்ற வார்த்தையை நான் எழுதுவதில்லை.

கீழாநெல்லி விஷயமும் இதைப்போன்றதே. அதை நான் இகழவில்லை. நம் தேசத்து மூலிகை. அதை விஞ்ஞானிகளும் இகழவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. தியாகராஜன், மேலே சொன்ன பிளம்பர்க்கோடும் மற்றவர்களோடும் சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்து, 1988-ல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இன்று அதை ஹெபடைடிஸ் பிக்கு மருந்தாக டாக்டர்கள் கொடுப்பதில்லை. அப்படியானால் ஊரில் எத்தனையோ பேருக்குக் குணமானதே என்பீர்கள். தண்ணீரால் வந்த காமாலை தானே தெளியும். வளர்ந்தவருக்குப் புதிதாகத் தொற்றிய பி காமாலையும் பெரும்பாலும் தானே தெளியும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். உள்ளே தங்கிவிட்ட கிருமி மட்டும் கீழாநெல்லிக்கும் போகாது, பத்தியத்துக்கும் போகாது. உப்பும் எண்ணெயும் விலக்கி மாதக்கணக்கில் கஞ்சியாகக் குடித்து, எலும்பும் தோலுமாக வருகிறவர்களைப் பார்க்கிறோம். கையிலே சூடுபோட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்தப் புண் ஆற ஒரு மாதமாகும்.

இப்போது நல்ல மருந்து இருக்கிறது. டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், தினமும் ஒரு மாத்திரை. இவை கிருமியை முற்றிலும் ஒழித்துவிடுவதில்லை. அது கல்லீரலின் அணுக்களுக்குள் வித்தைப்போல ஒளிந்திருக்கிறது. ஆனால் அது பெருகாதபடி அடக்கிவைக்கின்றன. கல்லீரல் கெடுவது நிற்கிறது. ஓரளவு கெட்டிருந்தால் தேறவும் செய்கிறது. புற்றுநோயின் ஆபத்தும் குறைகிறது. கிருமி உள்ள எல்லாருக்கும் உடனே மாத்திரை வேண்டியதில்லை. யாருக்கு எப்போது என்பதைச் சில பரிசோதனைகளைப் பார்த்து டாக்டர் முடிவுசெய்வார். மாத்திரை தொடங்கினவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் கிருமி முன்னைவிடக் கடுமையாகச் சீறி, உயிருக்கே மோசமாகலாம். மது அறவே கூடாது. மத்திய அரசு 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தத் தம்பியை நாம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி அதில் சேர்த்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வருகிறார். இங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை.

எல்லாவற்றிலும் மேலானது தடுப்பூசி. முதலில், 1981-ல், கிருமி உள்ளவர்களின் இரத்தத்திலிருந்தே அதைத் தயாரித்தார்கள். விலையும் அதிகம், ஜனங்களுக்குப் பயமும் அதிகம். 1986 முதல், கிருமியின் மேலுறைக்கான குறிப்பை மட்டும் ஈஸ்ட்டுக்குள், அதாவது ரொட்டி மாவைப் புளிக்கவைக்கிற அதே நுண்ணுயிருக்குள் வைத்து, அதைக்கொண்டே மேலுறையைச் செய்விக்கக் கற்றுக்கொண்டார்கள். கிருமி அதில் இல்லை. சட்டை மட்டுமே இருக்கிறது. 1997-ல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அதை நம் நாட்டிலேயே தயாரித்தபோது விலை வெகுவாகக் குறைந்தது. தைவான் தேசம் 1984-லேயே குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. பதின்மூன்று வருஷத்துக்குள் அங்கே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் குறைந்துவிட்டதை டாக்டர்கள் கண்டார்கள். ஒரு புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி இதுவே. நம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பர் முதல், ஐந்து வியாதிகளைத் தடுக்கும் பென்டாவேலண்ட் ஊசியில் இதுவும் சேர்ந்து, குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. பெரியவர்களுக்கு மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. நம் நர்சுகளும் லேப் ஊழியரும், வார்டைத் துப்புரவு செய்யும் சகோதரிகளும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊசி குத்துகிற விபத்து துப்புரவு செய்கிறவர்களுக்குத்தான் சொல்லாமல் நடக்கும்.

ஆனால் தாய்க்குக் கிருமி இருந்தால் ஆறு வாரம் காத்திருக்க முடியாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள், கூடுமானால் அதற்கும் முன்னே, முதல் ஊசி போடவேண்டும். தாய்க்குக் கிருமி இருக்கிறதோ இல்லையோ, எல்லாக் குழந்தைக்கும் அந்த முதல் நாள் ஊசி உண்டு. கிருமி உள்ள தாயின் பிள்ளைக்கு, கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற மற்றொரு ஊசியும் மறு தொடையில் போடுவது நல்லது. அது ஆயத்தமாகவே உள்ள எதிர்ப்புச் சக்தி. ஒரு ஊசிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். தாயின் இரத்தத்தில் கிருமி மிக அதிகமாயிருந்தால், கர்ப்பத்தின் 28-ம் வாரம் முதல் தாய்க்கு டெனோஃபோவிர் மாத்திரையும் கொடுக்கிறார்கள். நம் சகோதரிக்கு அப்படியே செய்யப்பட்டது. ஒருநாள்கூடத் தவறவில்லை என்று அவருடைய மாமியார்தான் சாட்சி சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் மாத்திரையை எடுத்துக் கொடுத்தது அவரே.

இங்கே உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். சூடானால் கெடும் என்று எல்லாரும் அறிவார்கள். உறைந்துபோனாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. பழைய ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்குப் பக்கத்தில் வைத்த மருந்தைத் தூக்கியெறிய வேண்டி வந்ததுண்டு. மின்தடை வந்தாலும் குளிர் தாங்குகிற தடுப்பூசிக்கான பிரத்தியேக ஃபிரிட்ஜ், நீங்கள் கொடுத்த கிறிஸ்துமஸ் காணிக்கையில்தான் வந்தது; பிரசவ அறைக்கு அடுத்த அறையில் நிற்கிறது. இரவு நர்சுக்கும் அதன் சாவி உண்டு. முன்பெல்லாம் சனிக்கிழமை ராத்திரி பிறந்த பிள்ளைக்கு ஸ்டோர் திறக்கும் திங்கட்கிழமைவரை ஊசி கிடையாது. கிருமி திங்கட்கிழமைக்காகக் காத்திருக்குமா? இம்யூனோகுளோபுலின் ஊசி வாங்க முடியாதவர்களுக்கு ஏழைகள் நிதியிலிருந்து வாங்குகிறோம். அந்த நிதி இப்போது மெலிந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்தச் சகோதரிக்கு ஒரு விடியற்காலத்தில் மூன்று மணியளவில் பெண் குழந்தை பிறந்தது. நாலு மணிக்குள் இரண்டு தொடையிலும் இரண்டு ஊசி. தாய்ப்பால் கொடுக்கலாமா என்று உறவினர் கேட்டார்கள். தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி, அந்த அறையிலேயே தொடங்கிவைத்தார்கள். பென்டாவேலண்ட் மூன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலம் தவறாமல் முடிந்தன. சென்ற மாதம் அந்தச் சபையில் ஞானஸ்நானம். கடிதம் எழுதின மூப்பரே குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றார்; ஆராதனை முடிந்தபின் குழந்தை வெகுநேரம் அவர் தோளில் இருந்தது.

குழந்தை கிருமிக்குத் தப்பிற்றா என்பது இன்னும் தெரியாது. ஒன்பது மாதம் நிறைந்த பிறகுதான் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குமுன் பார்த்தால், பிறந்தபோது போட்ட ஊசியின் சக்தியையே குழந்தையின் சொந்தச் சக்தி என்று எண்ணிவிட இடமுண்டு. இரண்டு ஊசியும் காலத்தோடு போட்டிருப்பதாலும், தாய் மாத்திரை சாப்பிட்டிருப்பதாலும் பயப்படத் தேவையில்லை என்று டாக்டரம்மா சொல்லுகிறார்கள். வருகிற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரச்சொல்லியிருக்கிறோம். பாட்டியம்மாதான் குழந்தையைத் தூக்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த நாளை உங்கள் ஜெபக் குறிப்பில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
ஆஸ்பத்திரி குருவானவர்